ராக்கெட் எவ்வளவு உயரம் போனது? உயரமானி வாங்கும் முன் ஒரு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தண்ணீர் ராக்கெட் விடும் பிள்ளைகளோடு நின்றால் ஒரு வாக்குவாதம் தவறாமல் காதில் விழும். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், காற்றடைக்க ஒரு சைக்கிள் பம்ப். கயிற்றை இழுத்ததும் சீறிக் கிளம்பி, மேலே ஒரு புள்ளியாகி, திரும்பி மணலில் வந்து குத்தும். உடனே ஒருவன் "நூறு மீட்டர் போச்சு" என்பான். பக்கத்தில் நிற்கும் பெண் "ரெண்டு தென்னமர உயரந்தான்" என்பாள். கொஞ்சம் பெரிய பையன் என்னிடம் வந்து, "அண்ணா, பேசாம ஒரு ஜிபிஎஸ் வாங்கி உள்ள வெச்சுட்டா என்ன?" என்று கேட்பான்.

அந்தப் பையனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஜிபிஎஸ் வைத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற எண்ணம் பெரியவர்களிடமும் இருக்கிறது. பணத்தைச் செலவழித்து வாங்கி, திரையில் வந்த எண்ணை அப்படியே நம்பி, பிறகு ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம் கைக்கு எட்டும் விலையில் ராக்கெட்டுக்குள் வைக்கக் கிடைக்கும் எந்தக் கருவியும் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. ஒன்று காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. ஒன்று ராக்கெட் வாங்கும் உதையை அளக்கிறது. இன்னொன்று செயற்கைக்கோளின் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தை அளக்கிறது. உயரம் என்பது அதற்குப் பிறகு போடும் கணக்கு. கருவி எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால், அது எங்கே தவறும் என்பதும் தெரிந்துவிடும்.

கருவியே இல்லாமல்: கோணமும் கடிகாரமும்

கோயில் கோபுரத்தின் உயரத்தைத் தரையில் நின்றபடியே கணக்கிடலாம் என்று பத்தாம் வகுப்புக் கணக்கில் படித்திருப்போம். அதே வழிதான். ஏவுமிடத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கோணமானியில் ஒரு நூலும் எடைக்கு ஒரு நட்டும் கட்டி, ராக்கெட் உச்சியைத் தொடும் நொடியில் கோணத்தைப் பாருங்கள். 45 டிகிரி என்றால் உயரம் 50 மீட்டர். 30 டிகிரி என்றால் 29 மீட்டர். 60 டிகிரி என்றால் 87 மீட்டர். உங்கள் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையும் முக்கோணங்களை நம்பித்தான் நடந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 45 டிகிரியில் ஒரு டிகிரி பிசகினால் தவறு 2 மீட்டருக்குள் அடங்கிவிடும். 75 டிகிரியில் அதே ஒரு டிகிரி பிசகு 13 மீட்டர் தவறாகும். அதனால் ராக்கெட் எவ்வளவு உயரம் போகும் என்று நினைக்கிறீர்களோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும்.

நம் கடற்கரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வால் இறக்கை வைத்த ராக்கெட் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டால் ராக்கெட் கடலைப் பார்த்துச் சாயும். கோணம் பார்ப்பவர் கடலுக்கும் ஏவுதளத்துக்கும் நேர்கோட்டில் நின்றால், ராக்கெட் அவரை நோக்கியோ விலகியோ சாய்ந்து கோணம் பொய்யாகிவிடும். வடக்கிலோ தெற்கிலோ பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும்.

கடிகார வழி இன்னும் எளிது. பாராசூட் இல்லாத ராக்கெட் கிளம்பியது முதல் தரையில் விழும் வரை ஆன நொடிகளை எண்ணுங்கள். அதை அதே எண்ணால் பெருக்கி, மறுபடியும் 1.2-ஆல் பெருக்குங்கள். 5 நொடி என்றால் 30 மீட்டர். காற்றின் தடையை இந்தக் கணக்கு கண்டுகொள்வதில்லை. ஆகவே துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் "நூறு மீட்டர் போச்சு" என்று சொல்பவனிடம், அதற்கு ஒன்பது நொடிக்கு மேல் ஆகியிருக்க வேண்டுமே என்று கேட்க இது போதும்.

காற்று என்னும் இலவம்பஞ்சு மெத்தை

இனி கருவிகள். பொழுதுபோக்கு ராக்கெட்டுகளில் மிக அதிகமாகப் பயன்படுவது காற்றழுத்த உயரமானி. காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைக் கணக்கிடும் சிறு மின்னணுக் கருவி இது.

மெத்தைக் கடையில் இலவம்பஞ்சு மெத்தைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் மெத்தை மேலே உள்ள எல்லாவற்றின் பாரத்தையும் தாங்கி நசுங்கிக் கிடக்கும். மேலே போகப்போகப் பாரம் குறையும், மெத்தை உப்பலாக இருக்கும். காற்றும் அப்படித்தான். நாம் அடுக்கின் அடியில் வாழ்கிறோம். நமக்கு மேலே இருக்கும் காற்றின் பாரம்தான் காற்றழுத்தம். அதை ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில் சொல்கிறார்கள். கடல் மட்டத்தில் சராசரியாக 1013. உயரே போனால் தலைக்கு மேலுள்ள மெத்தைகள் குறையும், அழுத்தமும் குறையும். தரையை ஒட்டிய பகுதியில் சுமார் எட்டரை மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது புதிய கண்டுபிடிப்பில்லை. 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சில் அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு புய் தெ தோம் மலைமேல் ஏறினார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அவர் மலைமேல் தூக்கிப்போன குழாயின் வேலையை இன்று பிஎம்பி280 போன்ற, நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லு செய்கிறது. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அழுத்தம் மாறும்போது சவ்வு வளைவதும் மாறுகிறது. அந்த மாற்றத்தை மின்சாரமாகப் படிக்கிறார்கள். ஒரு மீட்டர் ஏற்ற இறக்கத்தைக்கூட இந்தச் சில்லு உணரும்.

மெத்தை ஒரே அளவில் இருப்பதில்லை

சில்லு இவ்வளவு நுணுக்கமாக அளந்தும் எண் ஏன் தவறுகிறது? சில்லு அளப்பதில் பிழை குறைவு. காற்று மாறுவதுதான் காரணம்.

நம்மைப் போன்ற வெப்பமண்டலக் கடலோரத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு. இரண்டுக்கும் நடுவே 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் வரை வித்தியாசம் வரும். உயரமாக மாற்றினால் 25 முதல் 35 மீட்டர்! காலையில் பூஜ்ஜியம் வைத்த கருவியை மாலையில் அப்படியே பயன்படுத்தினால், மேசைமேல் கிடக்கும்போதே அது முப்பது மீட்டர் ஏறிவிட்டதாகச் சொல்லும். உங்கள் ராக்கெட்டின் மொத்த உயரமே அவ்வளவுதான் இருக்கும்.

புயல் நாளில் இன்னும் மோசம். தானே புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் நம் கடலூர்க் கரையைக் கடந்தது. அதன் உக்கிரத்தில் மையத்தின் அழுத்தம் 970 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்கியிருந்ததாகக் கணிக்கப்பட்டது. அந்த மையத்தில், 1013-ஐ அடிப்படையாக வைத்த உயரமானி ஒன்று கடல் மட்டத்தில் கிடந்திருந்தால், 350 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதாகக் காட்டியிருக்கும்.

இதற்குத் தீர்வு சுலபம். ஏவுவதற்குச் சற்று முன் தரையில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட வேண்டும். ராக்கெட்டுக்கென்று செய்த நல்ல கருவிகள் இதைத் தாமாகவே செய்கின்றன. பறப்பு சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் வானிலை மாறாது.

அடுத்தது வெயில். மெத்தையை வெயிலில் காயவைத்தால் பஞ்சு உப்பிவிடும், இல்லையா? சூடான காற்றும் உப்புகிறது. அதே அளவு அழுத்தம் குறைய அதிக உயரம் ஏற வேண்டியிருக்கிறது. பெரும்பாலான கருவிகள் கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் என்று வைத்துக் கணக்கிடுகின்றன. கடலூரில் மார்கழி விடியலில்கூட 15 டிகிரி கிடையாது. 33 டிகிரி வெயிலில் கருவி 100 மீட்டர் என்று காட்டினால் உண்மையில் 106 மீட்டர் போயிருக்கும். நம் ஊரில் காற்றழுத்த உயரமானி கொஞ்சம் குறைத்தே சொல்லும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: காற்றழுத்த உயரமானி தலைக்கு மேல் உள்ள காற்றின் பாரத்தை அளக்கிறது. கிளம்பும் முன் பூஜ்ஜியம் வைத்தால் அன்றாட மாற்றம் தொந்தரவு செய்யாது. வெயிலுக்கு ஐந்தாறு சதவீதம் கூட்டிக்கொண்டால் நம்பத்தக்க எண் கிடைக்கும்.

ஒரு சிறிய துளையின் பெரிய வேலை

கருவி நல்லதாக இருந்தும் எண் தவறாக வர வேறொரு காரணம் உண்டு. அது கருவி இருக்கும் அறையின் துளை. வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளே இருக்கும் சில்லுக்குத் தெரிய வேண்டுமானால் அறையில் துளை வேண்டும். எங்கே போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வேகமாக ஓடும் பேருந்தில் ஜன்னல் திரை வெளியே இழுபட்டுப் படபடக்கும். காற்று பக்கத்தில் உரசிக்கொண்டு வேகமாக ஓடும் சில இடங்களில் அழுத்தம் குறைவதால் அப்படி நடக்கிறது. ராக்கெட்டிலும் மூக்குக்கூம்பு முடிந்து உடல் தொடங்கும் வளைவை ஒட்டி அந்த உறிஞ்சல் இருக்கும். நான் முதன்முதலில் துளை போட்டது சரியாக அந்த இடத்தில். பதிவைக் கணினியில் பார்த்தபோது, கிளம்பி அரை நொடியில் ராக்கெட் 45 மீட்டரைத் தொட்டு, உடனே 20-க்கு இறங்கி, மறுபடியும் மெல்ல ஏறியிருந்தது. எந்த ராக்கெட்டும் அப்படிப் பறக்காது. வேகத்தால் வந்த உறிஞ்சலைக் கருவி உயரம் என்று எடுத்துக்கொண்டது.

இதிலிருந்து நான் கற்றது இரண்டு. துளையை மூக்குக்கூம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, உடல் நேராக இருக்கும் பகுதியில் போட வேண்டும்; ஒன்றுக்குப் பதில் சம இடைவெளியில் மூன்று துளை போட்டால் பக்கக் காற்றின் குழப்பம் குறையும். நாலு சென்டிமீட்டர் குறுக்களவும் பத்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள அறைக்கு, ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் அளவில் மூன்று போதும். விளிம்பில் பிசிறு இருக்கக் கூடாது. தண்ணீர் ராக்கெட் என்றால் துளையில் நீர்த்துளி அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இரண்டாவது, உச்ச எண்ணை மட்டும் காட்டும் கருவியைவிட, பறப்பு முழுவதையும் பதிந்து வைக்கும் கருவியே மேல். உச்ச எண்ணை மட்டும் காட்டியிருந்தால் அந்த 45 மீட்டரை நான் பெருமையாக எல்லாரிடமும் சொல்லியிருப்பேன். பறப்பு முழுவதையும் காட்டும் வரைகோட்டைப் பார்த்ததால் உண்மையான உச்சி 38 என்று தெரிந்தது. உச்சியில் ராக்கெட்டின் வேகம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. அங்கே உறிஞ்சல் கிடையாது. அந்த எண்ணை நம்பலாம்.

இன்னொரு சிறு குறிப்பு. இந்தச் சில்லுகளுக்கு வெளிச்சமும் ஆகாது. நேரடி வெயில் பட்டால் அளவு தடுமாறும். பாட்டில் கண்ணாடிபோல் இருப்பதால், சில்லின்மேல் ஒரு துண்டு கறுப்பு ஸ்பாஞ்சை வைத்து மூடுங்கள். காற்று போகும், ஒளி போகாது.

உதையை எண்ணும் கருவி

முடுக்கமானி என்பது வேகம் மாறும் அளவை உணரும் சில்லு. கண்ணைக் கட்டிக்கொண்டு கடலூரிலிருந்து புதுச்சேரிப் பேருந்தில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பேருந்து உந்தும்போதும் பிரேக் போடும்போதும் உடம்பில் படும் தள்ளலை வைத்து, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்கிட வேண்டும். முதல் நிறுத்தம் வரை சமாளிக்கலாம். போகப்போகச் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, தவளக்குப்பத்தில் இருக்கும்போது அரியாங்குப்பம் தாண்டிவிட்டோம் என்று நினைப்போம். முடுக்கமானியும் அப்படியே. புவியீர்ப்பில் இருபதில் ஒரு பங்கு பிழை இருந்தால்கூடப் பத்து நொடியில் 25 மீட்டர் தவறும். ராக்கெட் சாய்ந்தால் அதுவும் தெரியாது. எம்பியு6050 போன்ற மலிவான சில்லு புவியீர்ப்பின் 16 மடங்கு வரைதான் அளக்கும். நன்றாகக் காற்றடைத்த தண்ணீர் ராக்கெட் கிளம்பும் உதை அதைத் தாண்டிவிடக்கூடும். உயரத்துக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம். வேகம், உதை எவ்வளவு என்று அறிய ஆசை இருந்தால் காற்றழுத்தச் சில்லுக்குத் துணையாக வையுங்கள்.

ஜிபிஎஸ் எதற்கு?

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன்.

ஜிபிஎஸ் கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்துசேர்ந்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைக் கணிக்கிறது. கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு என்று நான்கு பக்கமும் கோள்கள் பரவியிருப்பதால் பக்கவாட்டில் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. உயரத்தில் அந்த வசதி இல்லை. எல்லாக் கோள்களும் நமக்கு மேலே இருக்கின்றன. கீழே இருப்பவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. அதனால் ஜிபிஎஸ் சொல்லும் உயரம், அது சொல்லும் இடத்தைவிடப் பொதுவாகத் துல்லியம் குறைந்தது.

வேகமும் போதாது. மலிவான ஜிபிஎஸ் தொகுதி வழக்கமாக நொடிக்கு ஒரு முறைதான் இடத்தைச் சொல்லும். தண்ணீர் ராக்கெட்டின் பறப்பே ஐந்தாறு நொடி. கிடைப்பது ஐந்தாறு புள்ளிகள். உச்சி அவற்றின் நடுவே எங்கோ நழுவிவிடும். கிளம்பும் உதையில் சமிக்ஞையைத் தவறவிட்டு, ராக்கெட் தரைக்கு வந்த பிறகு மறுபடியும் பிடிக்கும் தொகுதிகளும் உண்டு.

நம் ஊருக்கென்றே ஒரு விந்தையும் இருக்கிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே நின்று, கைப்பேசியில் ஜிபிஎஸ் தரும் மூல உயரத்தைக் காட்டும் செயலியைத் திறந்து பாருங்கள். பல செயலிகள் கடல் மட்டத்துக்கு 80, 90 மீட்டர் கீழே நிற்பதாகக் காட்டும். கைப்பேசி கெட்டுப்போகவில்லை. ஜிபிஎஸ் தன் கணக்குக்காகப் பூமியை வழுவழுப்பான, லேசாகத் தட்டையான ஓர் உருண்டையாக வைத்துக்கொள்கிறது. உண்மையான கடல் மட்டம் புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப மேடு பள்ளமாக இருக்கிறது. அந்த மேடுபள்ளப் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். உலகத்திலேயே அதன் மிக ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. சுமார் 106 மீட்டர். நாம் அந்தப் பள்ளத்தின் சரிவில் வசிக்கிறோம். சில கருவிகள் இந்த வித்தியாசத்தைத் தாமே திருத்திக் காட்டும், சில காட்டாது. ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். ஏவுமிடத்தின் எண்ணைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும்.

அப்படியானால் ஜிபிஎஸ் வீணா? இல்லை. அது பதில் சொல்லும் கேள்வி வேறு. எவ்வளவு உயரம் போனது என்பது ஒரு கேள்வி. எங்கே விழுந்தது என்பது இன்னொன்று. நம் மாவட்டத்தில் இரண்டாவது கேள்வி லேசுப்பட்டதில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு, நெல்லிக்குப்பம் பக்கம் ஆள் உயரக் கரும்பு, கரையோரம் முழுக்கச் சவுக்கு. பாராசூட்டோடு கடற்காற்றில் மிதந்து போய்க் கரும்புக்குள் இறங்கிய ராக்கெட்டைத் தேடி நாங்கள் ஒரு மதியம் முழுக்க அலைந்திருக்கிறோம்.

உயரம் நூறு மீட்டருக்குள் என்றால் கீச்சென்று கத்தும் ஒரு சிறு பஸ்ஸரே போதும். அதற்கு மேல் பறந்து, பாராசூட்டில் வெகுதூரம் போகும் ராக்கெட்டுக்கு ஜிபிஎஸ் தேவை. ஆனால் உள்ளேயே பதிந்து வைத்துக்கொள்ளும் ஜிபிஎஸ்ஸால் பயன் இல்லை. ராக்கெட் கிடைத்த பிறகுதானே அதைப் படிக்க முடியும்! இடத்தை வானொலி வழியாகத் தரைக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறிப்பிட்ட திறன் வரம்புக்குள் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அமெரிக்காவிலிருந்து வரும் கருவிகள் சில 915 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். அது இங்கே கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கிய பகுதிக்கு அருகே வருகிறது, வாங்காதீர்கள். இன்னும் சில, அமெச்சூர் வானொலி உரிமம் உள்ளவர்களுக்கானவை.

சரி, எதை வாங்குவது?

தண்ணீர் ராக்கெட்டோடு இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் எதையும் வாங்காதீர்கள். கோணமானியும் கடிகாரமும் வைத்துப் பத்து முறை விடுங்கள். இரண்டு வழிகளில் வந்த எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று எழுதி வையுங்கள்.

அடுத்த படி, பிஎம்பி280 சில்லும், அதைப் படித்துப் பதிய அர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகையும். சில்லு மட்டும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பேட்டரியோடு சேர்த்து மொத்த எடை முப்பது கிராம் பக்கம் வரும். இரண்டு லிட்டர் பாட்டில் அதைச் சுலபமாகத் தூக்கும். நொடிக்கு இருபது முறை படித்து நினைவகத்தில் எழுதும்படி நிரல் எழுதினால் போதும். உங்கள் கையால் செய்ததால், தவறு வந்தால் எங்கே என்றும் உங்களுக்கே தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

சாலிடரிங் வேண்டாம், தயாராக இருந்தால் நல்லது என்பவர்களுக்கு ஜாலி லாஜிக், பெர்ஃபெக்ட்ஃபிளைட் போன்ற நிறுவனங்களின் கருவிகள் இருக்கின்றன. ஒன்றிரண்டு ரூபாய் நாணயங்களின் எடைதான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பதால் சுங்க வரியும் சேரும். வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பறப்பு முழுவதையும் பதிகிறதா, கிளம்பும் முன் தானாகப் பூஜ்ஜியமாகிறதா, உங்கள் ராக்கெட் அந்த எடையைத் தூக்குமா. விலை அதிகமானால் இந்த மூன்றும் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

உயரமானி கையில் வந்ததும் இன்னும் உயரமாக விட ஆசை வரும். பட்டாசு மருந்தை வைத்து வீட்டில் மோட்டார் செய்வதை மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள். உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம். கையும் கண்ணும் போகும் வேலை. புதுச்சேரிக்காரர்கள் லாஸ்பேட்டை விமான நிலையத்தின் பக்கம் எந்த ராக்கெட்டும் விடாதீர்கள்.

ஏவும் முன் ஒரு மலையேற்றம்

புதுக் கருவியை ராக்கெட்டில் வைப்பதற்கு முன் செஞ்சிக்கு ஒரு நாள் போய்வாருங்கள். ராஜகிரி அடிவாரத்தில் காலை ஏழு மணிக்குப் பூஜ்ஜியம் வைத்து, பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். கோட்டையின் உச்சி சுமார் 240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போய் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கான ஐந்தாறு சதவீதத்தையும் கூட்டிப் பாருங்கள். பத்து மணி வாக்கில் இறங்கி, ஏறத் தொடங்கிய அதே படியில் வைத்து மறுபடியும் பாருங்கள். பூஜ்ஜியத்துக்கு வராது. பத்துப் பதினைந்து மீட்டர் தரைக்குக் கீழே இருப்பதாகக் காட்டும். நீங்கள் மலையில் இருந்த மூன்று மணி நேரத்தில் காற்றழுத்தம் ஏறியது அவ்வளவு.